வெட் கிரானுலேஷனா, ட்ரை கிரானுலேஷனா? மருந்து எதற்குப் பயப்படுகிறது என்று முதலில் பாருங்கள்

மாத்திரையாக அழுத்துவதற்கு முன் மருந்துப் பொடியைக் குறுணையாக்குவதுதான் கிரானுலேஷன். நனைத்துப் பிசைந்து செய்தால் வெட், ஈரமே இல்லாமல் அழுத்தி உடைத்துச் செய்தால் ட்ரை. மாத்திரை தயாரிப்பில் இருப்பவர்களிடம் வெட் நல்லதா, ட்ரை நல்லதா என்று கேட்டால் பெரும்பாலும் அவரவர் கை பழகிய மிஷினைத்தான் பதிலாகச் சொல்வார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த மருந்து தண்ணீருக்குப் பயப்படுகிறதா, அல்லது இரண்டு முறை அழுத்தினால் பிடிப்பை இழக்கிறதா?

அதற்கும் முன்னால், குறுணை ஆக்கத்தான் வேண்டுமா என்று பார்த்துவிடுங்கள். பொடி ஹாப்பரிலிருந்து (பொடி கொட்டும் தொட்டி) டைக்குள் (மாத்திரை அச்சு) சீராக இறங்க வேண்டும், கலந்தது பிரியக் கூடாது, அழுத்தினால் பிடிக்க வேண்டும். வெறும் கலவையே இதையெல்லாம் செய்தால் நேரடியாக அழுத்திவிட்டுப் போய்விடலாம். தட்டி அமர்த்திய பொடியின் அடர்த்தியைத் தளர்வாகக் கொட்டிய அடர்த்தியால் வகுத்தால் வருவது ஹாஸ்னர் விகிதம்; அது 1.25-க்குள் இருக்கும் கலவைக்கு அந்த வாய்ப்பு உண்டு. 1.35-ஐத் தாண்டிவிட்டால் மாத்திரைக்கு மாத்திரை எடை ஆடும், அப்போது குறுணைதான் வழி.

சரி, வெட். பொடியை ஹை ஷியர் மிக்ஸரில் போட்டு, பைண்டராக, அதாவது பசையாக, பிவிபி (பாலிவினைல் பைரோலிடோன்) கரைசலோ ஸ்டார்ச் கூழோ ஊற்றிப் பிசைந்து, சூடான காற்றில் மிதக்கவிட்டு உலர்த்தும் ஃப்ளூயிட் பெட் ட்ரையரில் காயவைத்து, அரைத்து, சலித்து, கடைசியில் மிஷினில் ஒட்டாமலிருக்க மெக்னீசியம் ஸ்டியரேட் சேர்ப்பது. வேலை நீளம்தான். ஆனால் இதில் பொடிக்கு வெளியிலிருந்து பசை கிடைக்கிறது, தானாகப் பிடிக்காத மருந்தும் பிடிக்கும். பாராசிட்டமால் நல்ல உதாரணம்: டோஸ் 500 மில்லிகிராம், சும்மா அழுத்தினால் மாத்திரையின் மேல் பகுதி தொப்பி மாதிரி கழன்று வரும். டோஸ் பெரிதாக இருப்பதால் வேறு பொருளைச் சேர்த்துச் சமாளிக்கவும் இடமில்லை. அங்கே பைண்டர்தான் காப்பாற்றும்.

வெட்டில் தலைவலி, பிசைவதை எங்கே நிறுத்துவது என்பது. மோட்டாரின் ஆம்பியரையோ டார்க்கையோ (சுழல் விசை) பார்த்து நிறுத்துவது முறை, ஆனாலும் கை வைத்துப் பார்க்காத ஆபரேட்டர் குறைவு. ஒரு பிடி எடுத்து அமுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், கட்டைவிரலால் தள்ளினால் சுத்தமாக உடைய வேண்டும். பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை, விரலில் களிம்பாக ஒட்டினால் தாண்டிவிட்டீர்கள். தாண்டியதைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். காய்ந்த பிறகு அது கல், மாத்திரை கரையும் வேகம் அங்கேயே அடிபட்டுப் போகும்.

உலர்த்தும் சூட்டைப் பற்றிய பயம் கொஞ்சம் மிகை என்பது என் எண்ணம். உள்ளே போகும் காற்று 60 டிகிரியில் இருந்தாலும், ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை குறுணையின் வெப்பம் அதைவிட நன்றாகக் கீழேயே நிற்கும். அது ஏறத் தொடங்குகிறது என்றால் ஈரம் தீர்ந்துவருகிறது என்று அர்த்தம். அதைவிட மோசமானது வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் பெரிய குறுணை. மேலாக எடுத்த சாம்பிளில் ஈரம் சரியாகக் காட்டும், அப்புறம் மில்லில் உடைந்து உள் ஈரம் வெளியே வந்ததும் பொடியை அழுத்தும் உலோகத் தண்டான பஞ்ச்சில் மாத்திரை ஒட்டும், எல்லாரும் அந்தத் தண்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

தண்ணீரே ஆகாத மருந்துகள் உண்டு. ஆஸ்பிரின் ஈரம் பட்டால் சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் உடையும், டப்பாவைத் திறந்தால் வினிகர் வாசனை. பொட்டாசியம் கிளாவுலனேட் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தியோஃபிலின் உடையாது, ஆனால் நனைந்தால் மோனோஹைட்ரேட்டாக மாறும், திரும்பக் காயவைத்தால் பழைய படிக வடிவமே வரும் என்ற உத்தரவாதமில்லை. இங்கே தண்ணீருக்குப் பதில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றலாமே என்பார்கள். ஊற்றலாம், ஆனால் வெடிப்புத் தடுப்புள்ள ட்ரையர் வேண்டும், மாத்திரையில் தங்கும் கரைப்பானை 5000 பிபிஎம்-க்குள் காட்ட வேண்டும். அவ்வளவு சிரமத்துக்கு ட்ரையே மேல்.

ட்ரையில் பொடியை ஸ்க்ரூ தள்ளும், எதிரெதிராகச் சுற்றும் இரண்டு உருளைகள் நசுக்கும், நாடா மாதிரி தகடு வரும், அதை மில் உடைத்துக் குறுணையாக்கும். தண்ணீர் இல்லை, ட்ரையர் இல்லை, பேட்ச் பெரிதானால் மிஷினைக் கூடுதல் நேரம் ஓட்டினால் போதும். இந்தக் கடைசி விஷயத்துக்காகவே பலர் இதை விரும்புகிறார்கள், வெட்டில் பாத்திரம் மாறினால் நிறுத்தும் புள்ளியைப் புதிதாகத் தேட வேண்டும்.

ஆனால் ட்ரை இலவசம் இல்லை. பொடியின் அழுந்தும் தன்மையில் ஒரு பங்கை உருளையிலேயே செலவழித்துவிடுகிறீர்கள், மீதிதான் டேப்லெட் பிரஸுக்குக் கிடைக்கும். மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ் மாதிரி வளைந்து நெளிந்து பிடிக்கும் பொருள் இதில் அதிகம் இழக்கும். லாக்டோஸ் மாதிரி உடைந்து புது முகம் காட்டும் பொருள் குறைவாக இழக்கும். அதனால் இரண்டையும் கலந்து போடுவது, செல்லுலோஸில் ஒரு பங்கை உருளைக்குப் பிறகு சேர்ப்பது எல்லாம் வழக்கம். உருளையின் அழுத்தத்தைக் கூட்டினால் தூள் குறையும், மாத்திரையின் உறுதியும் குறையும். குறைத்தால் தகட்டின் ஓரங்கள் பொடியாகவே கொட்டும்.

டோஸ் மைக்ரோகிராமில் இருந்தால் நான் யோசிக்காமல் வெட் பக்கம் போவேன், மருந்து தண்ணீரைத் தாங்கும் என்றால். மருந்தை பைண்டர் கரைசலிலேயே கரைத்து ஊற்றினால் சீராகப் பரவும். ட்ரையில் முன்கலவை எப்படியோ அப்படித்தான் எல்லாம்.

மிஷின் வாங்கும் பேச்சுக்கு முன்னால் சின்னதாக இரண்டு சோதனை போதும். கலவையை அழுத்தி வில்லையாக்கி, உடைத்துச் சலித்து, அதே விசையில் மறுபடி அழுத்தி, இரண்டு முறையும் உறுதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மருந்தைக் கொஞ்சம் நனைத்துச் சில மணி நேரம் வைத்துக் காயவைத்து, படிக வடிவத்தையும் சிதைவுப் பொருள்களையும் பாருங்கள். இரண்டிலும் தோற்கிற மருந்து கிடைத்தால் மிஷினை விடுங்கள், ஃபார்முலாவிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும்.