மெரோனா, நெதிவோத்தா? நான் போன ஹிலுலா

ஹிலுலா என்றால் அரமேய மொழியில் கல்யாணம். யூத ஞானி ஒருவரின் நினைவு நாளுக்கும் அதே பெயர்தான். அன்று அவருடைய ஆன்மா இறைவனோடு சேர்ந்தது, ஆண்டுதோறும் அதே நாளில் இன்னும் ஒரு படி ஏறுகிறது என்பது கபாலா என்ற யூத மறைஞான மரபின் நம்பிக்கை. அதனால் ஒப்பாரி கிடையாது, விருந்தும் ஆட்டமும்தான். (தர்காக்களில் நடக்கும் உரூஸுக்கும் கல்யாணம் என்றே பொருள்.)

தெற்கு இஸ்ரேலில் பீர்ஷேபா நகரில் இரண்டு வருடம் வேலை பார்த்தபோது ஒரு ஹிலுலாவையாவது பார்த்துவிட நினைத்தேன்.

புகழ் மெரோனுக்குத்தான். வடக்கே கலிலேய மலையில், இரண்டாம் நூற்றாண்டு யூத ஞானி ரபி ஷிமோன் பார் யோஹாயின் கல்லறை அங்கேதான். அவருடைய ஹிலுலாவான லாக் பாஓமர் என்ற யூத விழா இரவில் தீ வளர்த்து ஆடுவார்கள். மூன்று வயதுப் பையன்களுக்கு முதல் முடி இறக்குவார்கள். அவர் இறந்தது அன்றுதானா என்பதிலேயே வழக்கு உண்டு. பழைய ஏட்டில் ‘மகிழ்ந்த நாள்’ என்றிருந்தது, ஹீப்ருவில் ஓர் எழுத்து விழுந்து ‘இறந்த நாள்’ ஆகிவிட்டது என்கிறார்கள் சிலர். கூட்டம் அதையெல்லாம் கண்டுகொள்வதில்லை.

நான் தயங்கியது வேறு ஒன்றுக்காக: வெளியே வரும் வழி. 2021 ஏப்ரல் 30, நள்ளிரவு தாண்டிய நேரம். உலோகத் தரை போட்ட குறுகிய சரிவுப் பாதை, அதன் முடிவில் படிக்கட்டு. முன்னால் போனவர்கள் வழுக்கி விழுந்தது பின்னால் வந்தவர்களுக்குத் தெரியவில்லை. 45 பேர் நசுங்கி இறந்தார்கள். அப்புறம் டிக்கெட், கட்டுப்பாடு எல்லாம் வந்தன. விழா இரவில் நான் அங்கே போனதில்லை. சாதாரண நாளில் ஒருமுறை போனேன். சரிவும் படியுமான இடம். சரி, நமக்கு வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

நெதிவோத் தெற்கே, சமதளத்தில் உள்ள சின்ன ஊர். மொரோக்கோவிலிருந்து வந்த யூத ஞானி பாபா சாலி 1984-இல் அங்கே காலமானார். ஹிலுலா யூத நாட்காட்டியில் ஷெவாத் மாதம் 4, பெரும்பாலும் ஜனவரியில் வரும். அவரை நேரில் பார்த்தவர்களே கூட்டத்தில் இருப்பார்கள், மெரோனில் அதற்கு வழியில்லை. அரக் என்ற மதுபான பாட்டிலைத் துணியால் மூடி, அவர் ஊற்ற ஊற்றக் குறையவே இல்லையாம். மெழுகுவத்தியை ஒவ்வொன்றாக ஏற்றுவதில்லை; கட்டோடு நெருப்பில் எறிகிறார்கள். கோட்டில் ஏறிய மெழுகுப் புகை ஒரு வாரம் போகவில்லை. நான் போனது மதியம், இரவு நெரிசல் எப்படியோ. எனக்கு நுழையவும் திரும்பவும் சிரமமே இல்லை.

கல்லறைப் பக்கம் தண்ணீர் பாட்டில்களை மூடி திறந்து வைத்திருந்தார்கள். ஆசி உள்ளே இறங்க வேண்டுமாம். ஒரு பெரியவர் என் பாட்டிலையும் வாங்கித் திறந்து வைத்தார். திரும்பும்போது பஸ்ஸிலேயே பாதியைக் குடித்துவிட்டேன்.