குளுவாங்கில் துணி தேடிய மூன்று வாரம்

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் குழந்தைகளுக்கான பருத்திச் சட்டைகள் விற்கிறேன். இந்தத் தடவை ஊருக்குப் போனபோது ஒரு 300 சட்டையையாவது மலேசியாவின் ஜொகூரில் இருக்கும் குளுவாங்கிலேயே தைத்து வாங்கிவிட வேண்டும் என்று கிளம்பினேன். நான் வளர்ந்த தோட்டத்து லயத்தில் பல அக்காமார் பத்து பகாட் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு வருடக்கணக்கில் பஸ்ஸில் போய் வந்தவர்கள். துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷின் அவர்கள் கைக்குப் பழகியது. துணி கிடைத்தால் போதும்.

துணிக்கு 50ஆம் எண் சாலையில் ஆயர் ஈத்தாம் வழியாகப் பத்து பகாட் போனேன், ஒரு மணி நேரம். டி-சட்டைக்கான பின்னல் துணிக்கு நம் நாட்டில் பெயர் போன ஊர் அதுதான். ஆனால் சாயம் போடும் ஆலைகள் ஒரு நிறத்துக்கு 200 கிலோவுக்குக் குறைந்து பேசவே இல்லை. ஒரு கிலோத் துணியில் சின்னச் சட்டை எட்டு வரும், ஆக எனக்கு வேண்டியது 40 கிலோ. அவ்வளவு குறைவாக வேண்டுமென்றால், ஆலையில் மிஞ்சிய ரோல்களை வாங்கி வைத்திருக்கும் மொத்த வியாபாரியிடம்தான் போக வேண்டும்.

‘லோக்கல் துணியா?’ என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். பஞ்சு என்னவோ வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. அதனால் பின்னியது எங்கே, சாயம் போட்டது எங்கே என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவுடனான வணிக ஒப்பந்தம் 2013 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி சுங்கச் சலுகை கேட்கும்போது பொருள் எந்த நாட்டில் உருவானது என்று காட்ட வேண்டியிருக்கும். அதற்கான தாளை வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

முதல் தவுக்கே, அதாவது கடை முதலாளி, காட்டிய சாம்பிள் அருமை. துணியின் எடை சதுர மீட்டருக்கு 180 கிராம் என்றார். ரோல் வீட்டுக்கு வந்ததும், தைக்கப்போகும் அக்கா ஒரு முனையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, “இங்க பாரு, கை தெரியுது” என்றார். பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் வெட்டி, டவுனில் தெரிந்த நகைக்கடைக்குக் கொண்டு போனேன். தங்கம் நிறுக்கும் தராசில் வைத்தோம். 1.8 கிராம் இருக்க வேண்டியது 1.55 காட்டியது. அப்புறம் 50 சென்டிமீட்டர் சதுரமாகப் பேனாவால் கோடு போட்டுத் துவைத்துக் காயவைத்தோம். நீளம் 46 ஆகிவிட்டது. நூற்றுக்கு எட்டு சுருக்கம்! இரண்டாவது துவைப்பில் இந்தச் சட்டையை எந்தக் குழந்தைக்குப் போட முடியும்? பணத்தில் பாதிதான் திரும்பியது. கோபம் இன்னும் ஆறவில்லை.

இரண்டாவது வியாபாரி, வயதான சீனப் பெரியவர், கேட்காமலேயே மூன்று ரோலிலிருந்தும் துண்டு வெட்டித் தந்து, துவைத்துப் பார்த்துவிட்டு வா என்றார். சுருக்கம் நூற்றுக்கு நான்கு. மூன்றும் ஒரே சாயத் தொகுதி, அதாவது ஒரே தடவையில் சாயம் போட்டவை. அங்கேயே வாங்கினேன்.

தையல் கூலிதான் எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம். ஊரில் இடைத்தரகர் ஒருவர் சட்டைக்கு 1.80 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் போதும் என்றார். அக்கா ஒரு சட்டை முடிக்கும்வரை கடிகாரத்தைப் பார்த்தேன். ஓவர்லாக், கழுத்துப் பட்டை, கை மடிப்பு, லேபிள் எல்லாம் சேர்த்து 18 நிமிடம். மணிக்கு மூன்று சட்டை தைத்தாலும் 5.40தான் வரும். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700, மணிக்கு 8.72 வெள்ளி ஆகிவிட்டது. இருபது வருஷம் தைத்த கைக்கு அதற்கும் கீழே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. 3.50 என்று பேசி முடித்தேன். நூலும் லேபிளும் என் செலவு.

நான் விமானம் ஏறிய அன்று 60 சட்டை முடிந்திருந்தது. மீதித் துணி அக்கா வீட்டு ஹாலில், சாமி மேடைக்குப் பக்கத்தில், ஈரம் ஏறாமல் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருக்கிறது.