கேஸ் சிலிண்டரைக் கடைசியில் தொட்ட ஏசி மெக்கானிக்

என்னிடம் இருப்பது 2006 மாடல் வேகன் ஆர். 1061 சிசி பழைய இன்ஜின். இன்சூரன்ஸ் வேலை என்பதால் வேலூரிலிருந்து ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம் என்று தினமும் ஓட்டம். வண்டியில் வேறு குறை கிடையாது. ஏசி மட்டும் மூன்று கோடையாக என் உயிரை வாங்கியது. ஏப்ரலிலேயே நாற்பது டிகிரியைத் தொடும் ஊரில் ஏசி சரியில்லாத காரில் போவதற்குப் பஸ்ஸில் ஜன்னலோர சீட் எவ்வளவோ மேல்.

காலையில் வண்டியை எடுத்ததும் ஜில்லென்று காற்று வரும். கிரீன் சர்க்கிள் தாண்டுவதற்குள் வெதுவெதுப்பாகிவிடும். முன் சீட்டில் உட்காரும் அம்மா, "ஏண்டா, காலுக்குக் கீழ அடுப்பு எதுனா எரியுதா?" என்று கேட்பார். அதோடு காற்று வரும் வென்ட்டிலிருந்து கறுப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ பறந்து வரும். அம்மாவின் வெளிர் புடவையில் தாளித்த கடுகு சிதறியது போல விழும். விரலில் வைத்துத் தேய்த்தால் பிசுபிசுக்கும். தூசி என்று தட்டிவிட்டுக்கொண்டே இருந்தேன். விஷயமே அதில்தான் இருந்தது என்று மூன்று வருடம் தெரியாது.

முதலில் போன கடையில் ஒவ்வொரு ஏப்ரலிலும் "கேஸ் கம்மி சார்" என்று சொல்லி 1,800 ரூபாய் வாங்கினார்கள். மூன்று தடவை. எங்கே லீக் என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. பழைய வண்டியில் ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கசியும், சரி. ஆனால் வருடா வருடம் தீர்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும், அல்லது தீரவே இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டாவது கடையில் பானட்டைத் திறந்த ஐந்தாவது நிமிடமே "கம்ப்ரசர் போச்சு, 16,500 ஆகும்" என்றார்கள். அங்கிருந்து அப்படியே கிளம்பி வந்துவிட்டேன்.

மூன்றாவதாகப் போனதுதான் இந்தக் கடை. சத்துவாச்சாரி பக்கம், ஹைவே சர்வீஸ் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. "பேரெல்லாம் போடாதீங்க சார், சீசன்ல வந்து நிக்கிற வண்டியவே முடிக்க முடியல" என்று கேட்டுக்கொண்டதால் பெயர் போடவில்லை. ஒரு மெக்கானிக், ஒரு பையன், அவ்வளவுதான்.

அவர் சிலிண்டரை எடுக்கவில்லை, கேள்விதான் கேட்டார். காலையில் எடுத்ததும் எப்படி? ஹைவேயில் எப்படி? சிக்னலில் நின்றால் எப்படி? பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டாஷ்போர்டு வென்ட்டின் ஓரத்தை விரலால் வழித்து, ஒட்டிய கறுப்புப் பொடியை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இது எவ்ளோ நாளா வருது?"

அப்புறம் நீள ஊசி வைத்த ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரை நடு வென்ட்டில் செருகினார். வெளியே 39 டிகிரி. இன்ஜின் சூடான பிறகு வென்ட்டில் 19. பானட்டைத் திறந்து, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் தகட்டுச் சுவருக்குள் நுழையும் இரண்டு ரப்பர் ஹோஸ்களைத் தொடச் சொன்னார். இரண்டும் கொதித்தன. துணியைச் சுற்றி, இரண்டு வைஸ் கிரிப் இடுக்கியால் அவற்றை நசுக்கிப் பிடித்தார். "போய் மீட்டரப் பாருங்க சார்." 17, 15, 13... ஐந்து நிமிடத்தில் 11. கேஸில் கை வைக்கவில்லை, கம்ப்ரசரில் கை வைக்கவில்லை.

"உங்க ஏசி நல்லாத்தான் ஊதுது சார். பக்கத்துலயே வென்னி வெச்சு நீங்களே அத சூடு பண்ணிட்டிருக்கீங்க."

டாஷ்போர்டுக்குள் கூலிங் காயிலுக்குப் பக்கத்தில் ஹீட்டர் காயில் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இன்ஜினில் சுற்றும் 90 டிகிரி சுடுதண்ணீர் அதற்குள்ளும் சுற்றுகிறது. நீலம், சிவப்பு போட்ட கன்ட்ரோலை நாம் நகர்த்தும்போது ஒரு தட்டு திறந்து மூடி, காற்று அந்தக் காயில் வழியாகப் போகலாமா கூடாதா என்று தீர்மானிக்கும். தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஃபோம்தான் இடைவெளியை அடைக்கிறது. பதினெட்டு வருடத்தில் அந்த ஃபோம் மட்கி உதிர்ந்துவிட்டது. அம்மா புடவையில் விழுந்த கடுகு அதுதான். கன்ட்ரோல் முழு நீலத்தில் இருந்தாலும் சந்து வழியாகச் சூடு கலந்துகொண்டே இருந்திருக்கிறது. இன்ஜின் சூடாகும்வரை குளிர்ந்ததற்கும் காரணம் இதுதான். கேஸ் குறைவு என்றால் காலையிலும் குளிர்ந்திருக்காது. இந்த ஒரு கேள்வியை முதல் கடைக்காரர் கேட்டிருந்தால் 5,400 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

சரியான வழி டாஷ்போர்டை இறக்கிப் புது ஃபோம் ஒட்டுவது. இரண்டு நாள் வேலை. சீசனில் அதற்கு அவருக்கு நேரமில்லை. இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்து ஹீட்டரையே கழற்றிவிடலாம் என்று நான் சொன்னேன். பல பேர் செய்வதுதான். அவர் வேண்டாம் என்றார். இன்ஜின் ஓவர்ஹீட் ஆனால் ஹீட்டரை முழுசாகத் திறந்து, ப்ளோயரை வேகமாக வைத்துச் சூட்டை இறக்கி அடுத்த பங்க் வரைக்கும் போய்ச் சேரலாமாம், அந்த வழியை ஏன் அடைக்க வேண்டும் என்று கேட்டார். ஹோஸில் சுடுதண்ணீர் தாங்கும் ஒரு பித்தளை வால்வு போட்டுக் கொடுத்தார். பானட்டைத் திறந்து கையால் திருகினால் ஹீட்டர் கட். ஊட்டிக்குப் போனால் திறந்துகொள்ளலாம்.

இது பாதிக் கதை. சிக்னலில் நின்றால் குளிர் குறைகிறது என்று நானே சொல்லியிருந்தேன். அதற்கு அவர் ஒரு மக் தண்ணீரை எடுத்து, ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் மேல் மெதுவாக ஊற்றினார். வென்ட்டில் மீட்டர் மளமளவென்று இறங்கியது. தண்ணீர் பட்டதும் குளிர்கிறது என்றால் கண்டென்சருக்குக் காற்று போதவில்லை என்று அர்த்தம். ஃபேன் சுற்றியது, ஆனால் கிழவன் மாதிரி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் வருடக்கணக்கான ஹைவே பூச்சிகளும் மண்ணும் கம்பளி போல அடைத்திருந்தன. பிரஷர் வாஷ் அடித்தால் ஃபின் மடங்கிவிடும் என்று சாதாரண பைப்பை வைத்து உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கழுவினார் பையன். முக்கால் மணி நேரம். ஃபேனுக்குப் புது மோட்டார் போட்டார்.

அதற்கப்புறம்தான் கேஸின் அழுத்தத்தைப் பார்க்கும் கேஜைப் பொருத்தினார். கம்ப்ரசர் அழுத்தித் தள்ளும் ஹை சைடில் 330 பவுண்டு. அந்த வெயிலுக்கே 250 பக்கம் இருந்தால் போதுமாம். மூன்று வருடமாகக் குறையாத கேஸின் மேல் கேஸை ஏற்றியிருக்கிறார்கள். கேஸ் அதிகமானாலும் குளிராது, கம்ப்ரசர்தான் முக்கும். எல்லாவற்றையும் மெஷினில் இறக்கி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க முக்கால் மணி வாக்குவம் போட்டு, பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று பார்த்து, 134ஏ என்ற ஏசி கேஸைத் தராசில் வைத்து ஏற்றினார். அந்த ஸ்டிக்கர் அங்கே இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கால் சூட்டுக்குத் தனியாக ஒரு காரணம். ஏதோ ஒயர் இழுக்க யாரோ எப்போதோ போட்ட ஓட்டை, ரப்பர் புஷ் இல்லாமல் திறந்தே கிடந்தது. இன்ஜின் அனல் நேராக அம்மாவின் காலுக்கு வந்திருக்கிறது. புஷ் விலை 30 ரூபாய்.

வால்வு, ஃபேன் மோட்டார், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 5,900 ஆனது. இப்போது மத்தியானம் ஹைவேயில் வென்ட்டில் 8, 9 டிகிரி. சிக்னலில் 13 வரை ஏறும். பழைய வண்டிக்கு எனக்கு இது போதும். மூன்று மணிக்கு வெயிலில் நிறுத்திய வண்டியை எடுத்தால் முதல் ஐந்து நிமிடம் இன்னும் நரகம்தான், அதற்கு அவர் ஒன்றும் செய்ய முடியாது. கண்ணாடியை இறக்கி அனலை வெளியேற்றிவிட்டு அப்புறம் ஏசியைப் போடச் சொன்னார். உள்ளே கொஞ்சம் குளிர்ந்ததும் வெளிக்காற்றை மூடிவிட வேண்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். உட்கார இடமில்லை, ஒரு பழைய பேட்டரி மேல்தான் உட்கார்ந்தேன். காலை ஒன்பதுக்குப் போனவன் கிளம்பும்போது மணி ஆறரை. பில் கிடையாது, சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் கணக்கு எழுதிக் கொடுத்தார். வாரண்டி கேட்டால், "நான் இங்கதான் சார் இருப்பேன்" என்கிறார். போனை எடுக்கவே மாட்டார். புது மாடல் ஆட்டோமேட்டிக் ஏசி வண்டிகளைத் தொடுவதில்லை, கம்பெனிக்கே போகச் சொல்லிவிடுகிறார். அவசரக்காரர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. அன்றைக்கே வண்டி வேண்டுமென்றால் காலை எட்டரைக்கு முன்னால் போய் நின்றுவிடுவது நல்லது.

டாஷ்போர்டை இறக்கி ஃபோம் ஒட்டும் வேலை பாக்கி இருக்கிறது. ஆடி முடிந்து வெயில் தணிந்ததும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். 4,500 கேட்கிறார். இன்னும் பேரம் பேசவில்லை. அதுவரைக்கும் வென்ட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் அம்மாவை ஏற்றுகிறேன்.