கொடுவாவுக்குத் தூண்டில் வாங்குகிறவர்கள் நரம்பை இழுத்துப் பார்த்து வாங்குங்கள்

பாளையங்கோட்டையில் ஒரு கடையில் ராடு, ரீல், நரம்பு மூன்றுக்கும் சேர்த்து 5,400 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். கடைப் பெயரைப் போட்டால் வம்பு, அதனால் போடவில்லை.

இத்தனை நாள் எனக்குக் குளத்து விரால்தான். தவளை லூரை (தவளை மாதிரி செய்த பொய் இரை) இலை மேல் இழுத்தால் போதும், சாமான் கொஞ்சம் மட்டமாக இருந்தாலும் ஓடிவிடும். தாமிரபரணி கடலில் சேரும் புன்னக்காயலில் கொடுவா போடலாம் என்று மைத்துனன் கிளப்பிவிட்டான், அதற்காகத்தான் புதுசு. கொடுவா கடித்த உடனே மேலே துள்ளித் தலையை உதறும், செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். அதனால் நுனியில் தடித்த தங்கூசியை (நைலான் நரம்பு) லீடராக, அதாவது மீன் வாய்ப் பக்கம் அறுபடாமல் காக்கும் துண்டாகக் கட்டியிருந்தேன், அதுவரை சரி.

"அண்ணாச்சி, நாப்பது பவுண்டு பிரெய்டு, ஆளையே தூக்கலாம்" என்றார் கடைக்காரர். பிரெய்டு என்றால் பல இழைகளைப் பின்னிய நரம்பு. நாற்பது பவுண்டு என்றால் சுமார் 18 கிலோ, என் பையனைத் தூக்கினாலே பெரிய விஷயம், அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

முதல் மீன் இழுத்த இழுப்பில் லீடருக்கு மேலே பிரெய்டே அறுந்து லூரோடு போய்விட்டது. முடிச்சில் தப்போ என்று முதலில் என்னைத்தான் நொந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து, முடிச்சினால் பலம் குறையக்கூடாது என்று நரம்பை ஒரு வழவழப்பான குழாயில் பத்துச் சுற்றுச் சுற்றி, மறுமுனையையும் அதேபோல வாளிப் பிடியில் சுற்றி, லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றினேன். எட்டாவது லிட்டரில் பட்டென்று போனது. மூன்று தடவை செய்தேன், வாளி எடையோடு சேர்த்தாலும் ஒன்பது கிலோவைத் தாண்டவில்லை.

ரீல் கதை அதைவிட மோசம். ஒரே தடவை போனதற்கே சுற்றும்போது கரகரத்தது. உப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசாதது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே கடையில் சர்வீஸுக்குக் கொடுத்தால் 350 ரூபாய் வாங்கிக்கொண்டு, பைக் கிரீஸை உள்ளே அப்பிக் கொடுத்தார்கள். மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கிற டிராக் வாஷரிலும் அதே கிரீஸ், விட்டு விட்டுத்தான் நரம்பு போகிறது. டப்பாவில் 10+1 பேரிங் என்று போட்டிருக்கிறது, தெரிந்தவர் ஒருவர் கழற்றிப் பார்த்தால் மூன்றே பேரிங், மீதியெல்லாம் பிளாஸ்டிக் புஷ். ராடு மட்டும் பரவாயில்லை.

அப்புறம் இன்னொன்று, தங்கூசிச் சுருள்களைக் கடை வாசலில் வெயிலில் தொங்கவிட்டிருந்தால் தொடாதீர்கள். நம்ம ஊர் வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த நைலான் மொறமொறத்துப் போயிருக்கும், விரலில் சுற்றி வெடுக்கென்று இழுத்தாலே தெரியும்.

திருப்பிக் கொண்டுபோனபோது பில்லில் அச்சடித்த "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்பதைக் காட்டினார். பில்லில் கெடு எதுவும் சொல்லவில்லை என்றால், பழுதான சாமானை 30 நாளுக்குள் திருப்பி எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது, நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிக்கிறேன் என்று போனை எடுத்தேன். நரம்புக் காசு 900 உடனே வந்தது. ரீலுக்கு மட்டும் "நீங்கதான் உப்புத் தண்ணியில போட்டுக் கெடுத்துட்டீங்க" என்று சாதிக்கிறார். கொடுவா ரீல் என்று கேட்டுத்தானய்யா வாங்கினேன்! 1915-இல் புகாரைப் பதிந்துவிட்டேன்.