அவுலி பனிச்சறுக்கு பேக்கேஜில் 38,500 போச்சு, பணம் கட்டும் முன் படிங்க

காரைக்குடி வந்து இறங்கி இன்னும் பையைக்கூடப் பிரிக்கவில்லை. முழங்கால் வேறு வீங்கிக் கிடக்கிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

இன்ஸ்டாவில் விளம்பரம் ஓட்டும் ஒரு டூர் பேக்கேஜ் ஆட்கள். பெயர் போடாதே என்கிறான் வக்கீல் மச்சான், அதனால் போடவில்லை. பனியே பார்க்காதவர்களுக்கும் பேக்கன்ட்ரி ஸ்கீயிங் (லிஃப்ட், போட்ட பாதை எதுவும் இல்லாத பனிமலையில் தானே ஏறிச் சறுக்குவது) என்று விளம்பரம். உத்தரகண்ட் அவுலியில் நான்கு நாள் பயிற்சி, ஐந்தாம் நாள் கைடோடு கோர்சன் புக்யால் வரை ஸ்கீயிலேயே நடந்து ஏறி, சறுக்கி இறங்குவது. கோர்சன் என்பது அவுலிக்கு மேலே சுமார் 3 கிலோமீட்டரில் உள்ள புல்வெளி, குளிர்காலத்தில் பனி மூடிவிடும், எதிரே நந்தாதேவி. அந்த இடத்தில் ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் அழைத்துப் போனவர்களிடம்தான்.

போனில் பேசிய பையன், "அண்ணே, நான் தேவகோட்டைண்ணே, நம்ம ஊர் ஆளை ஏமாத்துவேனா" என்றான். கந்தரப்பம், வெள்ளைப்பணியாரம் என்று எங்கள் பக்கத்துக் கல்யாணப் பலகாரம் வரை பேசினான். பால் கணக்கைக்கூட நோட்டில் எழுதி வைக்கிற ஆள் நான். அந்தப் பேச்சில் விழுந்துவிட்டேன். பாதி இப்போது, மீதி அங்கே வந்து தருகிறேன் என்றதற்கு, முழுசாகக் கட்டினால் 2,000 தள்ளுபடி என்றான். திண்ணையில் உட்கார்ந்தபடியே 38,500 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். அப்பச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

டெல்லி, ரிஷிகேஷ், ஜோஷிமத் என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தால், கையில் தந்தது பழைய சாதா ஸ்கீ. என் கால் 8, பூட்ஸ் 10. இடது பூட்ஸின் பக்கிள் உடைந்து, அதைக் கட்டுக்கம்பியால் முறுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற உள்ளூர் மாஸ்டர்தான் இந்தியில் விளக்கினார்: ஏறிப் போக வேண்டுமென்றால் குதிகால் தூக்க வருகிற பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கிற பூட்டு) வேண்டும், ஸ்கீக்கு அடியில் ஒட்ட ஸ்கின் பட்டை வேண்டும், அது முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. இதில் குதிகால் பூட்டிக்கொள்ளும், இதை மாட்டிக்கொண்டு கோர்சனா என்று சிரித்தார். தினமும் ஒரு மணி நேரம், 14 பேருக்கு ஒரு மாஸ்டர். மூன்றாம் நாள் முழங்கால் திருகியது. ஐந்தாம் நாள் கைடு வரவேயில்லை.

அதற்கப்புறம் ஆரம்பித்தது கூத்து. "ஆபரேஷன்ஸ் டீமில் கேட்கிறோம் சார்." "வானிலை காரணம் சார்." அன்று வெயில் கண்ணைக் கூசியது, படம் எடுத்து அனுப்பினேன், நீல டிக் மட்டும் வந்தது. தேவகோட்டைத் தம்பி வேலையை விட்டுவிட்டானாம். கடைசியாக அடுத்த டூரில் 5,000 கழித்துக்கொள்வார்களாம். கட்டியது 38,500, பில் கேட்டால் ஒரு வாட்ஸ்அப் படம், ஜிஎஸ்டி எண்கூட இல்லை.

டிப்ஸ் விரிவாக எழுதத்தான் நினைத்தேன், பொறுமை இல்லை. முழுப் பணம் கட்டாதீங்க. குதிகால் தூக்குகிற பைண்டிங்கா, ஸ்கின் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்க. பனிச்சரிவில் புதைந்தால் தேடுகிற டிரான்ஸீவர் (சிக்னல் கருவி), புரோப் (பனியில் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), மண்வெட்டி மூன்றும் தராதவனோடு மேலே போகாதீங்க. புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915, நான் நேற்றே கூப்பிட்டுப் பதிந்துவிட்டேன். 38,500 ரூபாய்ங்க.