இரண்டு வாரம் தாண்டிய இருமலா? 41,300 ரூபாயும் 57 நாளும் தொலைத்தவள் சொல்கிறேன்

இன்று காலைதான் அப்பாவுக்கு முதல் டிபி மாத்திரை கொடுத்தேன். மூன்று மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். இன்று ஏப்ரல் 10. முதல்முறை டாக்டரிடம் கூட்டிப் போனது பிப்ரவரி 12. 57 நாள். நடுவில் போன பணம் 41,300 ரூபாய். இன்று கொடுத்த மாத்திரைக்கு நான் ஒரு பைசா கொடுக்கவில்லை.

டெல்டாவில் நம் ஊர்ப்பக்கம் யாரும் இப்படி ஏமாறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன். ஆஸ்பத்திரி பெயரைக் கேட்காதீர்கள். டவுனில் மாடியில் நடக்கும் நர்சிங் ஹோம், கீழே அவர்களுடைய மெடிக்கல், பக்கத்தில் அவர்களுடைய லேப். அது போதும்.

அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். 40 கிலோ மூட்டை. தை மாதம் சம்பா அறுவடை வந்ததும் இருமல் ஆரம்பித்தது. தூற்றுகிற இடத்தில் தூசி பறக்கும், எல்லோரும்தான் இருமுவார்கள் என்று விட்டுவிட்டோம். மாசி பிறக்கப்போகிற சமயம் சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை. அப்போதுதான் அவரை என் வீட்டுக்கு அழைத்துவந்து அந்த நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப் போனேன்.

அந்த டாக்டர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார். "ஐயா, இந்த வருஷம் சம்பா எப்படி? ஒரு மா நிலத்துக்கு என்ன கண்டது?" என்று கேட்டார். தானும் விவசாயி மகன்தான் என்றார். மூட்டை தூக்குகிறவரை ஐயா என்று சொல்லி உட்காரவைத்துப் பேசுகிற டாக்டரை நாங்கள் பார்த்ததே இல்லை. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான்தான் தயங்கித் தயங்கி, "சார், டிபியாக இருக்குமோ?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ஏம்மா, நீயே வியாதி பேரு வைக்கிறே? அதெல்லாம் உங்க வீட்டுக்கு வராது. தூசி அலர்ஜி, நெஞ்சுச் சளி. உங்க அப்பாவை என் அப்பா மாதிரி பார்த்துக்கிறேன்" என்றார்.

அந்த வார்த்தை எங்களுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அம்மாவுக்கு டிபி என்றாலே செங்கிப்பட்டி டிபி ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். அவருடைய தாய்மாமாவை அந்தக் காலத்தில் அங்கே கொண்டுபோய் விட்டதும், வீட்டில் அவர் தட்டைத் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்ததும் இன்னும் சொல்லுவார். அதனால் "டிபி இல்லை" என்று ஒருவர் சொல்ல வேண்டும் என்று நாங்களே ஏங்கிக்கொண்டிருந்தோம். அவர் சொன்னார், நாங்கள் பிடித்துக்கொண்டோம்.

அன்றைக்கே ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் சேர்த்து 4,800. சளியை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஊசி, மாத்திரை, இருமல் டானிக். மாத்திரையில் ஒன்று லெவோஃப்ளாக்சசின் என்கிற ஆன்டிபயாடிக். நாலே நாளில் காய்ச்சல் விட்டது. கைராசிக்காரர் என்று ஊரெல்லாம் சொன்னேன். வீட்டுக் கொல்லையில் வெட்டிய பூவன் தார் ஒன்றைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்த மாத்திரை டிபி கிருமியையும் கொஞ்சம் அடக்கும், ஆனால் ஒழிக்காது. தற்காலிகமாக நன்றாக இருப்பதுபோல் காட்டும், நோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும் என்று இப்போதுதான் எனக்குச் சொல்லப்பட்டது.

மார்ச் முதல் வாரத்தில் காய்ச்சல் திரும்ப வந்தது. மறுபடி போனோம். சி.டி. ஸ்கேன் 5,500. "நுரையீரல்ல இன்ஃபெக்‌ஷன், அட்மிஷன் போட்டுடலாம்." ஐந்து நாள் அட்மிஷன் 19,000. மொத்தமாக மெடிக்கலில் மட்டும் 12,000. கூட்டிப் பாருங்கள், 41,300. அம்மாவின் இரண்டு வளையலும் சொசைட்டியில் அடகில் இருக்கிறது.

இப்போது அந்தச் சீட்டுகளை வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் சிஸ்டர் எடை போட்டு எழுதியிருக்கிறார். 46. அப்புறம் 43. அப்புறம் 40. அவர்கள் கையெழுத்தில், அவர்கள் சீட்டில். இருமுகிற மனிதர் ஒரு மாதத்தில் ஆறு கிலோ இளைத்திருக்கிறார், அதைப் பார்த்த ஒருவருக்கும் ஒரு டப்பாவைக் கொடுத்து "சளி துப்பிக்கொண்டு வா" என்று சொல்லத் தோன்றவில்லை.

டிஸ்சார்ஜ் ஆகி வந்து ஒரு வாரத்தில் இருமலில் ரத்தக் கோடு தெரிந்தது. போன் செய்தால் டாக்டர் எடுக்கவில்லை. நேரில் போனால், "சார் கான்ஃபரன்ஸ் போயிருக்கார்." மறுநாள், "புது டோக்கன் போடுங்க." மூன்றாம் நாள் மெடிக்கல்காரப் பையனே உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாரு" என்றான். கையைப் பிடித்து ஐயா என்றவர் வாசல் வரைகூட வரவில்லை. எக்ஸ்ரே ஃபிலிம் கேட்டால், "தேடித் தர்றோம்."

எங்கள் ஊர் நர்சம்மாதான் ஏப்ரல் 1 அன்று பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குச் சளியோடு அனுப்பினார். அங்கே சளியைப் பரிசோதிக்க ஒரு மெஷின் இருக்கிறது, அதில் வைத்தால் சுமார் இரண்டு மணி நேரத்தில் டிபி இருக்கிறதா, முக்கியமான மருந்துக்குக் கட்டுப்படுமா என்று இரண்டும் தெரிந்துவிடுமாம். மறுநாள் ரிசல்ட் வந்தது, பாசிட்டிவ், மருந்துக்குக் கட்டுப்படும் ரகம். பரிசோதனைக்குச் செலவு பூஜ்யம். இங்கேயாவது நிம்மதி என்று நினைத்தேன்.

அங்கேயும் எட்டு நாள். முதல் நாள், "மாத்திரை கொடுக்கிறவர் மீட்டிங்ல இருக்கார்." அடுத்து, "ஆதார் மயிலாடுதுறை மாவட்டம் போட்டிருக்கு, நீங்க இருக்கிறது தஞ்சாவூர் மாவட்டம். பேரை அங்க மாத்திவிட்டிருக்கோம், அங்க வாங்கிக்குங்க." அங்கே இருந்த சுகாதார நிலையத்துக்கு அப்பாவை ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோனால், "கம்ப்யூட்டர்ல இன்னும் பேரு வரலையே." ரிசல்ட் காகிதம் என் கையில் இருக்கிறது, மாத்திரை அவர்கள் அலமாரியில் இருக்கிறது, நடுவில் ஒரு பெயர் கம்ப்யூட்டரில் வரவில்லையாம். அப்புறம் இரண்டு நாள் லீவு. அப்புறம், "திங்கட்கிழமை வாங்க."

கடைசியில் நான் அழுது சத்தம் போட்டதில் உள்ளே இருந்த இளம் டாக்டரம்மா வெளியே வந்தார். எடை போட்டார், 39. கால் வீக்கம் பார்த்தார், விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்த்தார், தாங்கலில்லாமல் நிற்கச் சொன்னார். தமிழ்நாட்டில் 2022-லிருந்து டிபி என்று தெரிந்தவுடனே இதையெல்லாம் பார்க்க வேண்டுமாம், மோசமாக இருப்பவர்களை உடனே அட்மிட் செய்து சாவைத் தடுப்பதற்காக. எட்டு நாளாக யாரும் பார்க்கவில்லை. "எந்த ஊர் ஆதாரா இருந்தா என்னம்மா, முதல்ல மாத்திரையை ஆரம்பிச்சுட்டு அப்புறம் மாத்திக்கலாம்" என்று பத்து நிமிடத்தில் கையில் கொடுத்தார். பத்து நிமிட வேலை. அவருக்குக் கோடி புண்ணியம்.

மாதம் 1,000 ரூபாய் சத்துணவுக்கு வங்கிக் கணக்கில் வருமாம், முன்பு 500 ஆக இருந்ததை 2024 நவம்பரில் கூட்டியது. ஆறு மாத சிகிச்சைக்கு 6,000. வரட்டும். ஆனால் என் 41,300?

பணத்தையாவது விடுங்கள். என் மகளுக்கு மூன்று வயது. அந்த 57 நாளில், அட்மிஷனில் இருந்த ஐந்து நாள் தவிர, தாத்தாவின் பக்கத்தில்தான் படுத்தாள்.

சரி, சொல்கிறேன் என்றேனே. இருமல் இரண்டு வாரம் தாண்டினால் வேறு எந்த டெஸ்டுக்கும் முன்னால் சளிப் பரிசோதனை, அரசில் இலவசம். தனியாரிடம் போனாலும் வாய்விட்டுக் கேளுங்கள். காய்ச்சல் விட்டது என்று நம்பிவிடாதீர்கள், எடையைப் பாருங்கள். டிபிக்கு ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கிறேன் என்றால் காசு கொடுக்காதீர்கள், அதை 2012-லேயே தடை செய்துவிட்டார்கள். சீட்டு, ஃபிலிம் எல்லாவற்றையும் அன்றைக்கே கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் என்று வந்தால் மாத்திரை இல்லாமல் அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள். இழுத்தடித்தால் 1800-11-6666, டிபிக்கான அரசு இலவச எண், எனக்கு இது தெரியாமல் போயிற்று. வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் நீங்களே சொல்லிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், வீட்டுக்கு வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். எங்கள் வீட்டுக்கு இதுவரை யாரும் வரவில்லை.

இன்னும் எழுத நினைத்தேன், முடியவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் மகளை எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப் போகிறேன்.