உள்ளங்கை அளவு டி-34/85: டாங்கி அருமை, கூட வரும் தரை வேண்டாம்

டி-34/85 என்ற இரண்டாம் உலகப்போர் சோவியத் டாங்கியின் பிளாஸ்டிக் மாடல், 1/72 அளவு, அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. டாங்கியோடு அதை நிறுத்தி வைக்க ஒரு பிளாஸ்டிக் தரையும், வெதரிங் வேலைக்கு (சேறு, தூசி, தேய்மானம் தெரியும்படி பூசுவது) மூன்று குட்டி பாட்டில்களும் சேர்ந்து ஒரே பெட்டியாக வந்தது. மூன்று வாரம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து முடித்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டாங்கிக்காக மட்டுமே இதைத் தாராளமாக வாங்கலாம். தரையையும் பாட்டில்களையும் நம்பி வாங்காதீர்கள். டாங்கியைச் செய்தவர்கள் 1/72 என்ற கணக்கைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்திருக்கிறார்கள், மற்றதைச் செய்தவர்கள் அதைக் கோட்டைவிட்டுவிட்டார்கள்.

கணக்கு இதுதான். நிஜ டாங்கியின் உடல் சுமார் 6.1 மீட்டர் நீளம், இங்கே அது எட்டரை சென்டிமீட்டர். 3 மீட்டர் அகலம் 42 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. மாடலில் ஒரு மில்லிமீட்டர் என்றால் நிஜத்தில் 7.2 சென்டிமீட்டர். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேஜை விளக்கின் காலில் ஒட்டி வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினேன், கடைசி வரை அந்தச் சீட்டைத்தான் அதிகம் பார்த்தேன்.

பாகங்கள் நன்றாக வார்க்கப்பட்டிருக்கின்றன. அவை ஒட்டியிருக்கும் சட்டமான ஸ்ப்ரூவிலிருந்து வெட்டி எடுத்தால் பிசிறு குறைவு, சக்கரங்களில் மட்டும் வார்ப்புக் கோடு மெல்லியதாக ஓடுகிறது, உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்தால் போய்விடும். மேல் உடலும் கீழ் உடலும் பட்டி பார்க்கவே தேவையில்லாமல் கச்சிதமாகப் பொருந்தின. எனக்கு ரொம்பப் பிடித்தது ட்ராக்தான், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை. டி-34இல் ட்ராக்கை மேலே தாங்குவதற்குத் தனியாகச் சின்ன உருளைகள் கிடையாது. ஐந்து பெரிய சக்கரங்களின் தலைமேலேயே அது படுத்துக்கொண்டு போகும், இரண்டு சக்கரத்துக்கு நடுவில் லேசாகத் தொய்ந்திருக்கும். ரப்பர் பட்டை மாதிரி ட்ராக் கொடுக்கும் கிட்களில் அந்தத் தொய்வு வராது, விறைப்பாக நிற்கும், பசை போட்டு அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதில் மேல் ஓட்டத்தை ஒரே நீளத் துண்டாக, தொய்வோடு சேர்த்தே வார்த்திருக்கிறார்கள். வளைவுகளுக்குத் தனித்தனி இணைப்புகள். உள்பக்கம் ஒன்றுவிட்டு ஒன்றில் கொம்பு நிற்பது உட்பட எல்லாம் சரி. இவ்வளவு சிறிய அளவில் இதைப் பார்த்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

டரெட், அதாவது பீரங்கி பொருத்திய சுழலும் மேல்கூடு, அது ஒன்றுதான் குறை. நிஜத்தில் அது வார்ப்பிரும்பு வேலை போலச் சொரசொரப்பாக இருக்கும், இங்கே சோப்புக்கட்டி மாதிரி வழுவழு. திரவப் பட்டியை இன்னும் கொஞ்சம் நீர்க்கச் செய்து பூசி, காய்வதற்குள் பழைய டூத்பிரஷ்ஷால் குத்தி எடுத்தேன். காய்ந்ததும் உப்புத்தாளால் மேடுகளை மட்டும் தணித்தேன். கால் மணி நேர வேலை, முதல் பூச்சான பிரைமர் அடித்தவுடன் டரெட்டின் முகமே மாறிவிட்டது.

பெயின்ட் வழிகாட்டிக்கு வருவோம். அடர் பச்சை சரி, ஆனால் பாட்டிலில் வருகிறபடியே அடித்தால் இந்த அளவில் கறுப்பாகத்தான் தெரியும். சிறிய பொருளில் நிறம் எப்போதுமே இருண்டு தெரிவதால் கொஞ்சம் மணல் நிறம் கலந்து வெளிற வைத்து, மேல்தளங்களுக்கு இன்னும் ஒரு படி வெளிற வைத்து அடித்தேன். அதே வழிகாட்டி, சக்கர விளிம்பில் வெள்ளி நிறம் தேய்க்கச் சொல்கிறது. இது தவறு. பெட்டியில் இருப்பவை ரப்பர் விளிம்புச் சக்கரங்கள், ரப்பர் தேய்ந்தால் எப்படி இரும்பு போல மின்னும்? 1942இல் ரப்பர் தட்டுப்பாடு வந்தபோது இரும்பு விளிம்புச் சக்கரங்கள் போட்டார்கள், அவற்றுக்கு வேண்டுமானால் வெள்ளி தேய்க்கலாம். இங்கே மங்கிய சாம்பல் நிறமே போதும். ட்ராக்கை ஆரஞ்சுத் துருவாகத் தீட்டச் சொல்வதையும் நான் கேட்கவில்லை. ஓடுகிற வண்டியின் மாங்கனீசு எஃகு ட்ராக் கருமை கலந்த பழுப்பாக இருக்கும், தரையில் உரசும் மேடுகள் மட்டும் தேய்ந்து பளபளக்கும். அதற்குப் பென்சில் கரியை விரல் நுனியில் எடுத்து ஒரு தடவு தடவினால் போதும்.

வாஷ் (பள்ளங்களில் தேங்கி நிழல் காட்டும் நீர்த்த பெயின்ட்) போடும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். அக்ரிலிக் பெயின்ட் மேல் எனாமல் வாஷ் போட்டால் அடிப் பூச்சு கரையாது, அதனால்தான் எல்லோரும் அப்படிச் செய்கிறோம். ஆனால் எனாமல் தின்னர் பெயின்ட் படாத பிளாஸ்டிக்குக்குள் இறங்கினால், இழுவிசையில் இருக்கிற பாகம் விரிசல் விட்டுவிடும். எனக்கு இடதுபக்க மூன்றாவது சக்கரத்தின் அச்சு அப்படித்தான் போனது. வாஷைத் தாராளமாக விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன், காலையில் சக்கரம் தனியாகக் கிடந்தது. துளை போட்டுச் சின்னக் கம்பி செருகி ஒட்ட வேண்டியதாயிற்று. அப்புறம் நுனித் தூரிகையால் போல்ட்டைச் சுற்றியும் மூடிகளின் ஓரத்திலும் மட்டும் தொட்டு வைத்தேன். சேர்ந்து நின்றதை தின்னரில் நனைத்துத் துடைத்த தூரிகையால் மேலிருந்து கீழாக, மழைநீர் இறங்கும் திசையில் இழுத்தேன்.

பெயின்ட் உதிர்ந்த தடம் போடுவதில்தான் அந்தச் சீட்டு காப்பாற்றியது. ஸ்பாஞ்சால் ஒத்தி எடுத்தால் சாதாரணமாக விழும் புள்ளி ஒரு மில்லிமீட்டர் இருக்கும். கணக்குப்படி அது ஏழு சென்டிமீட்டர், உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் பெயர்ந்த மாதிரி. பெரிய 1/35 மாடலில் அழகாக இருப்பது இங்கே சொறி பிடித்தது போல இருக்கும். ஸ்பாஞ்சைக் காகிதத்தில் ஒத்தி ஒத்தி, தடம் விழுகிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் வரை காயவைத்து, வீரர்கள் கால் வைத்து ஏறும் இடத்திலும் மூடிகளின் விளிம்பிலும் மட்டும் தொட்டேன்.

சரி, தரை. பிளாஸ்டிக்கில் வார்த்த சேற்றுப் பாதை, இரண்டு ட்ராக் தடங்களோடு. டாங்கியை அதன்மேல் வைத்துப் பார்த்தேன், ட்ராக் 7 மில்லிமீட்டர், தடம் 9 மில்லிமீட்டர். இடைவெளியும் பொருந்தவில்லை, வலது ட்ராக் தடத்தில் இருந்தால் இடது ட்ராக் மேட்டில் ஏறி நிற்கிறது. தன் தடத்திலேயே தான் நிற்காத டாங்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சேற்று பாட்டிலும் அதே கதை. அதில் கலந்திருக்கும் மணல் அரை மில்லிமீட்டர், நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர் ஜல்லி. நிறமும் செம்மண் நிறம். வழிகாட்டி இதை 1944 வசந்தகால உக்ரைன் என்கிறது, பனி உருகி வண்டிகளெல்லாம் அச்சு வரை புதைகிற பருவம் அது. அந்த மண் கரிய மண், கரிசல் போல. ஈரமாக இருந்தால் கறுப்பு, காய்ந்தால் சாம்பல். செம்மண் அங்கே எப்படி வரும்?

அதனால் தரையை நானே செய்தேன். அடர்த்தியான ஃபோம் பலகை, மேலே களிமண், அதன்மேல் பிவிஏ பசையோடு சலித்த நுண்மண். களிமண் ஈரமாக இருக்கும்போதே டாங்கியின் அடிப்பகுதியை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, அழுத்தி, இரண்டு சென்டிமீட்டர் முன்னால் தள்ளி எடுத்தேன். 32 டன் எடையுள்ள வண்டி, தரைமேல் வைத்த பொம்மை போல நின்றால் மற்ற எல்லா வேலையும் வீண். பின்னால் நீளும் தடத்தில் மீந்த ட்ராக் துண்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தியதும் அந்தக் கட்டம் கட்டமான அச்சு அப்படியே விழுந்தது. தடத்தின் ஓரத்தில் பிதுங்கி நிற்கும் மண்ணை ஊசியால் கிளறிவிட்டேன். பள்ளங்களில் கிளாஸ் வார்னிஷ் இரண்டு மூன்று முறை விட்டால் தேங்கிய தண்ணீர். புல்லுக்கு 2 மில்லிமீட்டர் நார் மட்டும் வைத்தேன், 6 மில்லிமீட்டர் வைத்தால் முழங்கால் வரை வந்துவிடும்.

அடர்பழுப்பும் கறுப்பும் சாம்பலும் கலந்து ஒரே டப்பாவில் அரைத்த பிக்மென்ட் என்ற நிறப் பொடியைத்தான் தரைக்கும் டாங்கிக்கும் போட்டேன். கீழ் உடலில் கெட்டியாக, ஃபெண்டருக்கு அடியில் தெறித்த மாதிரி, மேலே போகப் போகக் காய்ந்த தூசியாக. இரண்டும் ஒரே மண் என்றானதும் டாங்கி அந்த இடத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்தது போல ஆகிவிட்டது. தரையின் விளிம்புக்கு இணையாக வைக்காமல் கொஞ்சம் குறுக்காக வைத்தேன், மூக்கு ஒரு மேட்டின் மேல் லேசாக ஏறியிருக்கிறது. பெட்டியில் வரும் 24 மில்லிமீட்டர் வீரர் ஒருவர், டரெட் மூடியில் கை ஊன்றி முன்னால் எட்டிப் பார்க்கிறார். முகம் நன்றாகவே வார்க்கப்பட்டிருக்கிறது, பழுப்பு வாஷ் ஒரு சொட்டு விட்டால் கண்குழி தானாகத் தெரிகிறது.

தரை இல்லாமல் டாங்கி மட்டும் தனிப் பெட்டியாகவும் கிடைக்கிறது, அதையே எடுங்கள். நான் அதில் இன்னொன்று வாங்கி வைத்துவிட்டேன். இந்த முறை சேறு கிடையாது, கோடைப் புழுதி. நேற்று ராத்திரி சக்கரங்களை மட்டும் வெட்டி எடுத்து உப்புத்தாள் போட்டு முடித்தேன்.